அப்பா அம்மா சூளையில், பிள்ளைக்குக் கல்லூரி: ஊர் பிரித்துக்கொள்ள வேண்டிய வேலைகள்

பொங்கல் முடிந்த கையோடு திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பல ஊர்கள் பாதி காலியாகிவிடும். செங்குன்றம், திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்குக் கல்லறுக்கக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள் அதற்கும் முன்னாலேயே போயிருப்பார்கள். சூளைக்குப் போனவர்கள் மழை பிடித்த பிறகுதான் ஊர் திரும்புவார்கள்.

இப்போது பள்ளிக் காலண்டரை எடுத்துப் பாருங்கள். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு பிப்ரவரி, பொதுத்தேர்வு மார்ச், முடிவு மே முதல் பாதி. கல்லூரி விண்ணப்பமும் மே மாதம்தான். ஜூனில் கலந்தாய்வு. பிள்ளை கல்லூரிக்குப் போகுமா போகாதா என்று முடிவாகிற மாதங்கள் அத்தனையிலும் பெற்றவர்கள் ஊரில் இல்லை. பாட்டி இருப்பார். அவருக்குக் கையெழுத்துப் போட வராது, பஸ் ஏறித் தாலுகா ஆபீஸ் போகவும் முடியாது.

மதிப்பெண் போதாமல் நின்ற பிள்ளைகளைவிட, கூட வர ஆள் இல்லாமல் நின்ற பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இதைச் சரிசெய்யப் பெரிய அமைப்பு எதுவும் வேண்டாம். பெற்றோர் செய்ய வேண்டிய சில்லறை வேலைகளை ஊரில் நாலு பேர் பிரித்து எடுத்துக்கொண்டால் போதும். எந்த வேலை, எப்போது, யார் என்பதைக் கீழே சொல்கிறேன். சில இடங்களில் பிள்ளைகளிடம் பேசுவேன், சில இடங்களில் உதவ வரும் அண்ணன் அக்காக்களிடம்.

டிசம்பர்: நாலு பேரைப் பிடியுங்கள்

‘ஊரே சேர்ந்து பார்த்துக்கொள்ளும்’ என்று பேசிக் கலைந்தால் ஒருவரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆளுக்கு ஒரு வேலை என்று பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

முதல் ஆள் ஆபீசுக்கு நடக்கிறவர். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாலுகா ஆபீஸ் என்று போய் நின்று பேசத் தயங்காதவராக இருக்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்குப் பார்க்கும் அக்காக்கள் இதில் கெட்டிக்காரர்கள். வங்கி மேனேஜரிடமே கேள்வி கேட்டுப் பழகியவர்கள். இரண்டாவது ஆள் போனும் கம்ப்யூட்டரும் தெரிந்தவர். 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் தொடங்கிவைத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த பெண்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். படித்தவர்கள், உள்ளூர்க்காரர்கள். அவர்களைக் கேளுங்கள். மூன்றாவது ஆள் கலந்தாய்வு நாளிலும் சேர்க்கை நாளிலும் பிள்ளையோடு பஸ் ஏறுகிறவர். நாலாவது ஆள் கல்லூரி இருக்கும் ஊரில் ஏற்கெனவே படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ இருக்கிற நம் ஊர்ப் பிள்ளை.

நாலு பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பெண்பிள்ளையை வெளியூர் அனுப்ப யோசிக்கிற அப்பா, “அந்த அக்கா கூட வர்றாங்கன்னா போயிட்டு வாம்மா” என்று சொல்லிவிடுவார். இது எத்தனையோ வீட்டில் நடந்திருக்கிறது.

பெற்றோர் சூளைக்குக் கிளம்பும் முன் ஒரு சாயங்காலம் அவர்களோடு உட்காருங்கள். அப்பா, அம்மா இருவருடைய ஆதார் அட்டையின் இரு பக்கமும், ரேஷன் கார்டும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர்ச் சூளை, முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிப்போகிற மேஸ்திரியின் நம்பர் என்ன, அதே சூளைக்குப் போகிறவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார், அவர் நம்பர் என்ன, இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் போன் தொலைந்த அன்று எல்லாம் போகும்.

பொங்கலுக்கு முன்: சான்றிதழ்கள்

அதிகம் மெனக்கெட வேண்டிய இடம் இதுதான். மே மாதத்தில் போனால் இ-சேவை மையத்தில் கூட்டம் பிதுங்கும், சர்வர் படுத்துவிடும், வி.ஏ.ஓ. வேறு வேலையில் இருப்பார். ஜனவரிக்குள் முடியுங்கள்.

சாதிச் சான்று: பெரும்பாலும் பள்ளியிலேயே கேட்டிருப்பார்கள், கையில் இருக்கும். இல்லாதவர்கள் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எஸ்.சி., எம்.பி.சி., பி.சி. என்றால் தாலுகா அளவிலேயே முடிந்துவிடும். பழங்குடியினருக்கு மட்டும் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தர வேண்டும், நேரில் விசாரணையும் இருக்கும். இருளர் குடியிருப்புகளில் பிள்ளைகள் தட்டுத்தடுமாறி நிற்பது இங்கேதான். சித்தப்பா, பெரியப்பா என்று ரத்த உறவில் யாராவது ஏற்கெனவே சான்று வாங்கியிருந்தால் அதன் நகலை இணையுங்கள், விசாரணை எளிதாகும். இந்தச் சான்றுக்குப் பிளஸ் டூ வரை காத்திருக்காதீர்கள், ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்து, அதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரசீது இருந்தால் அடுத்த முறை போகும்போது பேச்சின் தொனியே மாறியிருக்கும்.

வருமானச் சான்று: உதவித்தொகைக்கும் விடுதிக்கும் கேட்பார்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சூளைக் கூலிக்கு ரசீதா இருக்கிறது? வி.ஏ.ஓ. விசாரித்துத்தான் எழுதுவார். மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்தை வருமானத்தோடு சேர்த்துச் சொல்லிக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது கடன். இந்தச் சான்று நிரந்தரமல்ல, காலாவதி ஆகும். பழைய சான்றை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டாம்.

முதல் பட்டதாரிச் சான்று: குடும்பத்தில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர் என யாரும் பட்டம் பெறவில்லை என்றால் கிடைக்கும். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கலந்தாய்வு வழியாகச் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை இதை வைத்துத்தான். குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை என்பதால் அண்ணன் வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. குடும்ப உறுப்பினர்களின் உறுதிமொழி வேண்டும். அப்பா அம்மா கிளம்பும் முன் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வையுங்கள் என்று நான் முதலில் சொல்வது இதற்குத்தான்.

இருப்பிடச் சான்று: எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் அப்பா அம்மாவோடு ஆந்திரா, கர்நாடகா என்று போய் இடையில் அங்கே ஏதாவது ஒரு வகுப்பு படித்த பிள்ளைக்குத் தேவைப்படும். பொறியியல் கலந்தாய்வில், எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்களிடம் இதைக் கேட்கிறார்கள்.

இ-சேவையில் ஒரு சான்றுக்கு 60 ரூபாய் கட்டணம். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள்.

ஊர் ஊராகப் போன பிள்ளைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டத்துக்கு 2021-இலும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. இதற்கு ஏழு வருடப் படிப்பும் ஆவணத்தில் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பை சூளைப் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் அந்தப் பள்ளியில் படிப்புச் சான்று வாங்குங்கள். வகுப்பாசிரியரிடம் சொல்லி, பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் எந்த ஆண்டும் விட்டுப்போகவில்லையா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெயர்ப் பொருத்தம் கடைசியாக வந்தாலும் மோசமான தொல்லை இதுதான். பள்ளிச் சான்றில் இன்ஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். மதிப்பெண் சான்றிதழில் திருத்தம் செய்வது பெரும்பாடு; ஆதாரில் செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள், பார்த்துச் செய்யுங்கள். பதினைந்து வயதில் புதுப்பிக்க வேண்டிய கைரேகையைப் புதுப்பிக்காத பிள்ளைகளும் நிறைய. ஆதார் மையம் போகும்போது அதையும் முடித்துவிடுங்கள்.

போன் நம்பர், ஓ.டி.பி., வங்கிக் கணக்கு

மே மாத வெயிலில் ஒரு பிரவுசிங் சென்டர். விண்ணப்பத்தில் எல்லாம் நிரப்பியாயிற்று, ஓ.டி.பி. கேட்கிறது. அது அப்பா நம்பருக்குப் போயிருக்கிறது. அப்பா செங்குன்றம் தாண்டி ஒரு சூளையில். நடுராத்திரி தாண்டி ஒரு மணிக்குக் கல்லறுக்க இறங்குகிறவர்கள் பகலில் அசந்து தூங்குவார்கள், போன் மேனேஜர் ரூமில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். மூன்றாவது முறை யாரோ எடுக்கிறார்கள். “அண்ணா, எங்கப்பாவ எழுப்பி, மெசேஜ்ல ஆறு நம்பர் வந்திருக்கும், படிச்சுச் சொல்லச் சொல்லுங்கண்ணா.” அப்பா வந்து, பழைய மெசேஜ் ஒன்றைத் தேடிப் பிடித்து அதைப் படிக்கிறார். பத்து நிமிடம் ஓடிவிட்டது. பிரவுசிங் சென்டர்க்காரர், “நாளைக்கு வாம்மா, பின்னாடி ஆள் நிக்குது” என்கிறார்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, பிள்ளையின் பெயரில் ஒரு சிம். சிம் வாங்க 18 வயது ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் பாட்டி பெயரில் வாங்கிப் பிள்ளையிடமே இருக்கட்டும். அந்த நம்பரைப் பிள்ளையின் ஆதாரில் சேருங்கள். இ-சேவையில் சான்றிதழுக்குப் பதியும்போது தரும் கேன் எண்ணிலும் அதே நம்பர் இருக்கட்டும். விண்ணப்பங்களுக்கும் அதையே கொடுங்கள். படிப்பு முடியும்வரை அந்த நம்பரை மாற்றக் கூடாது. ரீசார்ஜ் தீர்ந்து நம்பர் போய்விடாமல் பார்த்துக்கொள்வதும் போன் தெரிந்த அக்காவின் வேலை. பிள்ளைக்கு மின்னஞ்சல் முகவரி தொடங்கி, பாஸ்வேர்டை அதே நோட்டில் எழுதி வையுங்கள். பிரவுசிங் சென்டர்க்காரரின் மின்னஞ்சலைப் போட விடாதீர்கள். கலந்தாய்வு அழைப்பு அவருக்குப் போகும், அவருக்கு ஆயிரம் பேர்.

வங்கிக் கணக்கு ஆறாம் வகுப்பிலேயே யாராவது தொடங்கிக் கொடுத்திருப்பார்கள். இரண்டு வருடம் வரவு செலவு இல்லை என்றால் கணக்கு முடங்கிவிடும். ஆதாரோடு கிளைக்குப் போய் உயிர்ப்பித்து, ஆதார் இணைப்பையும் செய்யுங்கள். இரண்டு மூன்று கணக்கு இருந்தால், அரசுப் பணம் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும். “பணம் வரவே இல்லை” என்று வருகிற பிள்ளைகளில் பலருக்குப் பணம் அவர்கள் மறந்துபோன கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

பிப்ரவரி, மார்ச்: தேர்வு

இங்கே சொல்ல அதிகம் இல்லை. பிள்ளை தங்க ஓர் இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் வேண்டும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் வேண்டும். பெண்பிள்ளை என்றால் இந்தக் கடைசி வேலை சத்தமில்லாமல் அவள் தலையில் வந்து விழும். முந்தைய ஜூன் மாதமே சின்னப் பிள்ளைகளை அரசுப் பள்ளி விடுதியில் சேர்த்துவிட்டால் அக்காவுக்குப் படிக்க நேரம் கிடைக்கும். “கடைசிப் பரீட்சை முடிஞ்சதும் சூளைக்கு வந்துடு, ரெண்டு மாசம் கல்லறுத்தா கடன் குறையும்” என்று வீட்டில் சொல்வார்கள். தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வீட்டு நிலைமை அப்படி. ஆனால் மே முதல் வாரத்தில் ஊர் திரும்பிவிட வேண்டும் என்று போகும்போதே பேசி வையுங்கள்.

மே: விண்ணப்பம்

2025-ஐ எடுத்துக்கொண்டால், பிளஸ் டூ முடிவு மே 8-இல் வந்தது. அரசு கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பம் மே 7 தொடங்கி மே 27-இல் முடிந்தது. பொறியியலுக்கு மே 7 முதல் ஜூன் 6 வரை. மூன்று நாலு வாரம்தான் அவகாசம். ஒவ்வோர் ஆண்டும் தேதி கொஞ்சம் முன்பின் ஆகும். முடிவு வரும்வரை காத்திருக்காமல் மே பிறந்ததும் பார்க்கத் தொடங்குங்கள். சந்தேகம் கேட்கப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண் இருக்கிறது.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம்தான். சில ஆண்டுகளாக விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் 2 ரூபாய் மட்டும் கட்டினால் போதும். பொறியியலுக்குப் பதிவுக் கட்டணம் 500, எஸ்.சி., எஸ்.டி.க்கு 250. பொறியியல் கட்ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு மாவட்டந்தோறும் உதவி மையங்கள் உண்டு. அங்கே உட்கார்ந்து இலவசமாகவே பதியலாம்.

எந்தக் கல்லூரி, என்ன படிப்பு? பிள்ளைக்குப் பிடித்தது எது என்று கேளுங்கள், அப்புறம் பஸ் நேரத்தைப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அரசுக் கல்லூரிகளில் ஷிப்ட் முறை இருந்தால் இரண்டாம் ஷிப்ட் சாயங்காலம்தான் முடியும். திருவண்ணாமலையிலோ செய்யாற்றிலோ வகுப்பு முடிந்து, கிராமத்துக்குக் கடைசி பஸ் போய்விட்டது என்றால் அந்தப் பிள்ளை ஆறு மாதத்தில் நின்றுவிடும். விடுதி இல்லாமல் போய்வரப் போகிறவர்கள் முதல் ஷிப்ட் கேளுங்கள், அல்லது பஸ் இருக்கும் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள்.

தரவரிசை வந்ததும் கல்லூரி நேரில் கூப்பிடும். அன்று போகாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். எல்லா அசல் சான்றிதழ்களையும், நகல்களையும், போட்டோவையும் முதல் நாள் ராத்திரியே ஒரு பையில் போட்டு வையுங்கள். கூடப் போகிறவரிடமும் ஒரு செட் நகல் இருக்கட்டும்.

புரோக்கர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. தேர்வு முடிவு வந்த வாரமே கார் வைத்துக்கொண்டு கிராமத்துக்கு வருவார்கள். “ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் இலவசம், சான்றிதழ மட்டும் குடுங்க” என்பார்கள். சூளையில் இருக்கிற அப்பாவுக்கே போன் போட்டுப் பேசிவிடுவார்கள். அப்பாவுக்கு மகிழ்ச்சி தாங்காது. கலந்தாய்வு வழியாக வந்த சீட்டுக்கும் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டுச் சீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் சொல்ல மாட்டார்கள். 7.5 சதவீத ஒதுக்கீடும் முதல் பட்டதாரிச் சலுகையும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான். எஸ்.சி., எஸ்.டி. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. இரண்டாம் வருடம் ‘ஸ்காலர்ஷிப் வரல, பணம் கட்டு’ என்பார்கள். அசல் சான்றிதழ் அவர்கள் கையில் இருக்கும். கல்லூரிகள் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லியிருக்கிறது. அதைப் பிடித்துவைத்த பிறகு போராடுவதைவிட, கொடுக்காமல் இருப்பது நல்லது. சரிபார்த்ததும் அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நம் நாலு பேரைக் கேட்காமல் யாரிடமும் அசலைக் கொடுப்பதில்லை என்று அப்பா அம்மாவிடமும் டிசம்பரிலேயே சொல்லி வையுங்கள்.

பணம்

அரசு கலை அறிவியல் கல்லூரியில் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. மற்ற கட்டணங்கள் சேர்ந்து சில ஆயிரத்துக்குள் அடங்கும். ஆனால் பாய், வாளி, இரண்டு செட் துணி, பஸ், முதல் மாதச் சாப்பாடு, நோட்டு என்று கல்லூரி ரசீதில் வராத செலவு அதைவிடப் பெரியது. அது முதல் வாரத்திலேயே வேண்டும், உதவித்தொகை வருவதோ பல மாதம் கழித்து. ஊர் பணம் போட வேண்டியது இந்த இடைவெளிக்குத்தான். சுயஉதவிக் குழுவில் உள்கடனாகக் கொடுக்கலாம். திருவிழாக் கணக்கில் மிச்சம் இருந்தால் இளைஞர்கள் கேட்டு வாங்கலாம். கொடுக்கிற பணத்தைக் கடனாகக் கொடுத்தாலும் சரி, உதவியாகக் கொடுத்தாலும் சரி, எது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

மேஸ்திரியிடம் மட்டும் வாங்காதீர்கள். “பொண்ணு படிப்புக்குத்தானே, இந்தா” என்று அவர் தாராளமாகக் கொடுப்பார். அடுத்த சீசனுக்குக் குடும்பத்தோடு இன்னொரு கை சேர்ந்து போக வேண்டியிருக்கும், அந்தக் கை கல்லூரிக்குப் போன பிள்ளையுடையது. முன்பணம் தீரும்வரை வெளியே போகக் கூடாது என்று யாரையும் பிடித்து வைப்பது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். ஆர்.டி.ஓ.விடமோ கலெக்டரிடமோ புகார் கொடுக்கலாம். ஆனால் புகார் வரை போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பிள்ளையின் படிப்புக்கு நல்லது.

வரவேண்டிய பணத்தை விடாமல் கேளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கு அதேபோலத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. இரண்டுக்கும் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம்; எமிஸ் எண்ணைக் கையோடு கொண்டுபோங்கள். அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டம் 2010 முதல் கிராமப்புற முதல் தலைமுறை மாணவர்களைப் படிக்கவைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் சேர விரும்புகிறவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகமே ஓர் இலவசக் கல்வித் திட்டம் வைத்திருக்கிறது. கல்விக் கடனை எல்லாவற்றுக்கும் பிறகு யோசியுங்கள். 4 லட்சம் வரை வங்கிகள் சொத்து அடமானம் கேட்கக் கூடாது.

ஜூன், ஜூலை: விடுதி

கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே விடுதி விண்ணப்பத்தையும் கேளுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளுக்கு 2025-இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறியது. பழைய பெயரில் கேட்டாலும் வழி சொல்வார்கள். தங்கவும் சாப்பிடவும் கட்டணம் இல்லை. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிக்கு வீட்டிலிருந்து கல்லூரி 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், மாணவிகளுக்கு அந்தத் தூர விதி இல்லை. சென்னையில் படிக்க வருகிறவர்கள் சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிராமத்திலிருந்து வந்து அங்கே தங்கிப் படித்தவர்கள் ஏராளம்.

விடுதிப் பட்டியல் வருவதற்கும் வகுப்பு தொடங்குவதற்கும் நடுவில் சில நாளோ சில வாரமோ இடைவெளி விழும். நாலாவது ஆள் எதற்கு என்று இப்போது புரியும். அவருடைய ரூமில் ஒரு மூலையில் பாய் விரிக்க இடம் இருந்தால் போதும். அவரே முதல் நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் எந்த பஸ், எந்த கேட், எந்த மெஸ்ஸில் சாப்பாடு மலிவு, யாரிடம் வம்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று காட்டிவிட வேண்டும்.

முதல் வருடம்

முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் பயமுறுத்தும். கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பிரிவு இருந்தால் தயங்காமல் சேருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்திலேயே சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழில் படிக்கும் வழி 2010-இல் வந்துவிட்டது. ஓர் அரியர் விழுந்தால் உலகம் முடிந்துவிடாது, அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். வருகைப்பதிவு அப்படியல்ல. 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும்.

அந்தச் சதவீதம் சரிவது பெரும்பாலும் ஜனவரியில். பொங்கலுக்கு ஊருக்கு வந்த பிள்ளை, அப்பா அம்மா சூளைக்குக் கிளம்பும்போது மூட்டை முடிச்சுக் கட்ட, தம்பியை விட, பாட்டிக்கு மருந்து வாங்க என்று இரண்டு வாரம் தங்கிவிடும். சில பிள்ளைகள் அப்படியே லாரி ஏறிவிடும். பொங்கலுக்கு மறு வாரம் ஆபீசுக்கு நடக்கிற அக்கா ஒரு நடை வீட்டுக்குப் போய், “எப்பப்பா காலேஜ் கிளம்பற?” என்று கேட்டுவிட்டு வரட்டும். பாட்டி மருந்தையும் அவரே பார்த்துக்கொண்டால் பிள்ளை அன்று சாயங்காலமே கிளம்பிவிடும்.

பிளஸ் டூவில் தவறியவர்களுக்கு

ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு உண்டு. பெயிலான செய்தியைச் சூளையில் இருக்கும் அப்பாவிடம் சொல்லப் பயந்து பிள்ளை தானாகவே சூளைக்குப் போய்விடுவதற்கு முன், முடிவு வந்த அன்றே யாராவது வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். தேர்வுக் கட்டணத்தை உடனே கட்டிவிடுங்கள், அவகாசம் சில நாள்தான். பாஸானால் அதே வருடம் காலியிடம் இருக்கும் கல்லூரியில் சேரலாம். தேர்வு எழுத மனமில்லை என்றால் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்துவிடலாம். டிப்ளமோ முடித்தவர்கள் பின்னால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி இருக்கிறது. எதற்கும் விண்ணப்பிக்காமல் நின்றுவிட்டவர்களுக்கென்றே மாவட்ட நிர்வாகம் ‘உயர்வுக்குப் படி’ என்று முகாம் நடத்துகிறது. முகாம் எங்கே, என்றைக்கு என்பது பள்ளித் தலைமை ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும். சான்றிதழ்ப் பையை எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.